ஆர்டிஸ் ஹோலுப்பும் தாழ்வாரத்துத் துப்பாக்கிகளும்

எங்கள் ஊர் வேட்டைச் சங்கக் கட்டடத்தின் வாசலில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். ஆர்டிஸ் ஹோலுப் இருபத்தைந்து ஆண்டுகள் புதிய வேட்டைக்காரர்களுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு கற்பித்தார் என்றும், ஐந்நூறு மாணவர்களை உருவாக்கினார் என்றும், தம் விருப்பப்படி ஓய்வு பெற்றார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. மூன்றும் தப்பு. முதலாவது இருபத்தொன்பது ஆண்டுகள். இரண்டாவது அறுநூற்று நாற்பத்தொரு பேர். வருகைப் பதிவேடு எழுதியவன் நான்தான், ஒவ்வொரு பெயரும் என்னிடம் இருக்கிறது. இவ்விரண்டும் சோம்பேறித்தனத்தால் வந்த தப்புகள், பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, எழுதியவர்களுக்குத் தெரிந்தே எழுதப்பட்டது. அந்தத் தகட்டைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு வாயில் ஏதோ கெட்டுப்போனதைக் கடித்தது போலிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்டிஸ் ஊர் மளிகைக் கடையில் இறைச்சி வெட்டும் வேலையில் முப்பத்து நாலு வருஷம் இருந்தாள். குட்டையான உருவம், அகலமான மணிக்கட்டு. இடது கைச் சுண்டுவிரலில் பாதி கிடையாது, கேட்டால், "சாசேஜ்ல போயிடுச்சு. யார் தின்னாங்கன்னு தெரியாது" என்பாள். நவம்பரில் மான் வேட்டைக்கான ஒன்பது நாளும் கடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டுக் கராஜில் ஊர்க்காரர்கள் கொண்டுவரும் மான்களை உரித்து வெட்டிக் கொடுப்பாள். நான் காகித ஆலையின் எடைமேடையில் குமாஸ்தாவாக இருந்தவன். அந்த ஒன்பது நாளும் அவள் கராஜில் மானை நிறுத்து, சீட்டு எழுதிக் கட்டுவது என் வேலை.

மான் வேட்டைக்காரர்களை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆரஞ்சுச் சட்டையும் பனியும் சிரிப்பும் தெரியும். ஆர்டிஸ் அவர்களை உள்ளேயிருந்து பார்த்தாள். வயிற்றில் சுட்ட மானைத் திறந்தால் என்ன வரும் என்று தெரிந்தவள் அவள். பச்சையும் பழுப்புமாக, பாதி செரித்த சோளம், அதில் மிதக்கும் எலும்புத் தூள், மயிர். ஓர் இரவு அப்படியே கிடந்திருந்தால் நாற்றம் கண்ணைக் கரிக்கும். "ஓடிக்கிட்டிருந்துச்சு, சும்மா ஒண்ணு விட்டுப் பாத்தேன்" என்பார்கள் கொண்டுவந்தவர்கள். 'சும்மா' என்று அவர்கள் சொல்லும்போது ஆர்டிஸ் தலையைத் தூக்காமல் கத்தியைத் தீட்டுவாள்.

அவள் வகுப்பெடுக்க வந்தது அந்த நாற்றத்தால் அல்ல, அவள் கணவன் லென்னியின் முழங்காலால்.

எங்கள் பக்கத்து வேட்டைக் குடில்களில் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். நாளெல்லாம் குளிரில் இருந்த இரும்பை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் வேர்த்துவிடும். மேலே மாட்டியிருக்கும் தொலைநோக்கியில் நீர் கோத்து மறுநாள் ஒன்றும் தெரியாது. அதனால் எல்லாத் துப்பாக்கிகளும் தாழ்வாரத்தில், விறகுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நிற்கும். அதுவரை சரி. விடிவதற்கு முன் விறைத்த விரலால் ஒவ்வொரு தோட்டாவாகப் போடச் சோம்பல்பட்டு, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் காலி செய்யாமலேயே விட்டுவிடுவார்கள். குழலில் தோட்டா இல்லை, மேகசினில்தானே இருக்கிறது, அது காலி மாதிரிதான் என்பது இங்கே மூன்று தலைமுறையாகச் சொல்லிவரும் நியாயம்.

1986 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து பத்து. லென்னியின் தம்பி ராலி தாழ்வாரத்தில் ஒரு துப்பாக்கியைக் கையிலெடுத்தான். காலியா என்று பார்க்க, குழலின் பின்வாயைத் திறந்து மூடும் போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினான். மேகசினில் தோட்டா இருக்கும்போது அப்படிச் செய்தால் ஒரு தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். பார்த்தாயிற்று என்ற திருப்தியில், சுருள்வில் தளரட்டும் என்று விசையை அமுக்கினான். லென்னி எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் நாடா கட்டிக்கொண்டிருந்தான்.

காலைத் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்துவிட்டு 2005இல் செத்தான். அறிக்கையில் 'விபத்து' என்று எழுதினார்கள். ராலி வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு அண்ணனுக்கு ஒரு பிராந்தி பாட்டில் கொண்டுவருவான், அதில் பாதியை அவனே குடித்துவிட்டுப் போவான். மாநிலச் சட்டப்படி 1973க்கு முன் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கு வர வேண்டியதில்லை. ராலி 1948. அவன் வரவேயில்லை.

ஆர்டிஸ் 1988இல் முதல் வகுப்பை எடுத்தாள். சங்கக் கட்டடத்தில், ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக எட்டு மாலைகள், பிறகு ஒரு சனிக்கிழமை செய்முறைத் தேர்வு. தேறியவர்களுக்கு வேட்டை உரிமம் வாங்க வேண்டிய அட்டையில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். பிள்ளைகள் கிடையாது; கடையிலிருந்து ஓய்வு பெற்ற பின், லென்னியும் போன பின், அந்த வகுப்புதான் அவளுடைய வருஷம். ஜனவரியிலேயே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அவள் வகுப்பு இனிப்பாக இருக்காது. முதல் நாள் ஒரு வாளியைக் கொண்டுவந்து மேஜை மேல் வைப்பாள். போன சீசனில் உறைய வைத்திருந்த, சிதறிப்போன பின்னங்கால். "கிட்ட வந்து மோந்து பாருங்க. இது மான். அடுத்தது உங்க அண்ணனா இருக்கலாம்." 1994இலும் 2003இலும் பெற்றோர் புகார் எழுதினார்கள். இரண்டும் என்னிடம் கோப்பில் இருக்கின்றன. அப்புறம் துப்பாக்கி. அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்: திற, கண்ணால் பார், விரலை விட்டுத் தடவு. குழலிலும் தடவு, மேகசினிலும் தடவு. யார் காலி என்று சொன்னாலும் தடவு. "போதகர் சொன்னாலுமா, மிஸஸ் ஹோலுப்?" என்று ஒரு முறை ஒரு பையன் கேட்டான். "போதகர் சொன்னா ரெண்டு தடவை தடவு" என்றாள்.

பயிற்சிக்கு சங்கத்தின் நாலு பழைய துப்பாக்கிகள், சுடும் ஊசி கழற்றப்பட்டவை, ஒன்று முதல் நாலு வரை பெயின்டில் எண் எழுதியவை. தோட்டாக்கள் ஆரஞ்சு நிறப் பொய்த் தோட்டாக்கள். தரையில் ஒரு மஞ்சள் கோடு. வெளித் துப்பாக்கி அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

2016 வகுப்பில் இருபத்து மூன்று பேர். அதில் பெரியவர் ஒருவர்தான்: டெரெக் ஷால்க், வயது முப்பத்தேழு, வெளியூர்க்காரன், கூரை போடும் தொழில். ராலியின் மகளைக் கட்டியிருந்தான். ராலி அப்போது சங்கத் தலைவர். மருமகனை நவம்பரில் குடிலுக்குக் கூட்டிப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். டெரெக் மோசமான ஆள் இல்லை. பத்து வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார வெட்கப்பட்டான், அவ்வளவுதான். எழுத்துத் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு வாங்கினான். ஆனால் சாயங்காலம் ஆர்டிஸ் சொல்லிக்கொடுப்பதை இரவு ராலி வீட்டில் திருத்திக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 10, சனிக்கிழமை, செய்முறைத் தேர்வு. டெரெக்கின் முறை வந்தபோது காலை பதினொன்று நாற்பது. கோட்டுக்கு அப்பால், சுவரோரமாக, முடித்த குழந்தைகள் ஆறு பேர் நின்றிருந்தார்கள். பின்னால் பெற்றோர்கள், சங்கத்துக்காரர்கள் என்று பெரியவர்கள் ஒன்பது பேர். மூன்றாம் எண் துப்பாக்கியின் போல்ட் டெரெக்குக்குச் சிக்கியது. வேர்த்தான். யாரோ சிரித்தார்கள். அப்போது ராலி தன் வண்டியிலிருந்து சொந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அந்தக் குப்பையில யார் போல்ட்ட இழுத்தாலும் சிக்கத்தான் செய்யும், ஆர்டிஸ். இந்தா டெரெக், நம்மளத எடு. இது சிக்கவே சிக்காது."

"ராலி, கோட்டத் தாண்டாத. வெளித் துப்பாக்கி இங்க வரக்கூடாது."

"காலித் துப்பாக்கி இது. போன நவம்பர்லேர்ந்து யாரும் தொடவேயில்ல."

"யாரும் தொடலைன்னா எப்படிக் காலியாச்சு?"

அதற்குள் அவன் அதை டெரெக் கையில் கொடுத்துவிட்டான். டெரெக் மாமனார் சொல்லிக்கொடுத்தபடியே செய்தான். போல்ட்டைச் சட்டென்று பின்னால் இழுத்தான், முன்னால் தள்ளினான். பார்க்கவில்லை, தடவவில்லை. "காலி" என்றான். திரும்பினான். குழல் முனை சுவரோரம் நின்ற ஆறு குழந்தைகளையும் ஒரு வீச்சில் கடந்தது. அவன் விரல் விசையை நோக்கிப் போனது.

எழுபத்திரண்டு வயதுப் பெண் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. உள்ளங்கையால் குழலை அடித்துக் கூரையைப் பார்க்க வைத்தாள், மறு கையால் போல்ட்டை இழுத்தாள். ஒரு தோட்டா துள்ளி வெளியே விழுந்து, மரத்தரையில் உருண்டு, ஹேடி என்ற பதினொரு வயதுப் பெண்ணின் காலணியில் மோதி நின்றது. அவள் குனிந்து பார்த்தாள்.

"மிஸஸ் ஹோலுப், இது ஆரஞ்சு இல்ல."

ஆர்டிஸ் மேகசினைக் கழற்றி இன்னும் மூன்று தோட்டாக்களை மேஜையில் உதிர்த்தாள். அப்புறம் ராலி சிரித்தான்.

"பாத்தீங்களா பிள்ளைங்களா! இதுக்குத்தான் கிளாஸு. ஆர்டிஸுக்குச் சம்பளமில்லாம ஒரு பாடம் எடுத்துக் குடுத்துட்டேன்!"

அந்தச் சிரிப்புக்கு மற்றவர்களும் சிரித்தார்கள். ஒன்பது பெரியவர்களில் ஏழு பேர். ஹேடியின் அப்பாவும் அதில் ஒருவர். தன் மகளின் காலடியில் கிடந்ததைப் பார்த்தபடியே சிரித்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ அழுகலை நிறுத்திருக்கிறேன், எதுவும் அந்தச் சிரிப்பளவு நாறியதில்லை.

டெரெக் சிரிக்கவில்லை. முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

"நீ ஃபெயில்" என்றாள் ஆர்டிஸ் அவனிடம். பிறகு ராலியைப் பார்த்து, "லென்னி பெஞ்சுல உக்காந்து நாடா கட்டுன நாள்லேர்ந்து நீ ஒரு அடி நகரல."

"ஏய், முப்பது வருஷக் கதையை இங்க எடுக்காத. அது ஆக்சிடென்ட்."

"காத்துல மரம் விழுந்தா ஆக்சிடென்ட். நீ இழுத்த, நீ தள்ளுன, நீ அமுக்குன. மூணு வேலை செஞ்சிருக்க."

அன்று மாலை ராலி என் வீட்டுக்கு வந்தான். சமையலறையில் நின்றுகொண்டே பேசினான். "வெண்டெல், உன் நோட்டுல அவனுக்கு 'வரவில்லை'ன்னு போட்டுரு. அவள அடுத்த சனிக்கிழமை மறுபடி டெஸ்ட் வச்சுக் கையெழுத்துப் போடச் சொல்லு. வியாழக்கிழமை மீட்டிங். அதுக்குள்ள அவ ஒத்துக்கலைன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து அவ கிளாஸுக்கு இந்தக் கட்டடம் கிடையாது."

"அவன் வந்தான். ஃபெயில் ஆனான். அப்படித்தான் எழுதிருக்கேன்."

"எழுதுனத அழிக்க ரப்பர்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க, தெரியுமா?"

"நான் மையில எழுதறவன்."

அவனை அப்படி அனுப்பியது வரைக்கும் எனக்குக் குறையில்லை. அடுத்து நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். மறுநாள் ஆர்டிஸிடம் போய், கையெழுத்துப் போட்டுவிடு என்று சொன்னேன். ஒருத்தனுக்காக வகுப்பையே விடுவதா, அடுத்த வருஷம் வரப்போகும் இருபது பிள்ளைகளை நினைத்துப் பார் என்றேன். அவள் பாலாடைக்கட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"வெண்டெல், எடைமேடையில எத்தனை வருஷம் இருந்த?"

"முப்பத்தொண்ணு."

"எந்த லாரிக்காவது ஒரு பவுண்டு கூட்டி எழுதிருக்கியா?"

"இல்ல."

"அப்ப ஏன் என்னைக் கூட்டி எழுதச் சொல்ற? அந்த இருபது பிள்ளைங்களும் எதைக் கத்துக்க வரும்? டெரெக்கு தடவாமலே அட்டை வாங்குனான்னு கத்துக்க வருமா?" ஒரு துண்டை என் பக்கம் தள்ளினாள். "தின்னு. மூஞ்சி நல்லாயில்ல உனக்கு."

வியாழக்கிழமை கூட்டத்தில் ஏழு நிர்வாகிகளில் ஆறு பேர் வந்திருந்தார்கள். கட்டடத்தின் தரையைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் வகுப்புக்கு இனி இடம் தர இயலாது என்று தீர்மானம். ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஒன்று. நான் செயலாளர், எனக்கு ஓட்டு இல்லை, எழுதினேன். தரை இன்றுவரை புதுப்பிக்கப்படவில்லை. தோட்டா உருண்ட இடத்தில் அதே பலகைதான் இருக்கிறது. ஆர்டிஸ் பள்ளிக்கூடத்தைக் கேட்டாள், தேவாலயத்தைக் கேட்டாள், தீயணைப்பு நிலையத்தைக் கேட்டாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இடநெருக்கடி வந்துவிட்டது. அவரவருக்கு ராலியோடு சீட்டாட்டமோ, மீன் விருந்தோ, கூரை வேலையோ இருந்தது.

டெரெக் எழுபது மைல் தள்ளி வேறொரு ஊரில் ஒரே நாளில் தேர்வெழுதி அட்டை வாங்கிவிட்டதாக அக்டோபரில் கேள்விப்பட்டோம்.

நவம்பர் 19, சீசன் முதல் நாள், ஆர்டிஸ் கராஜ் கதவில் ஒரு பலகை தொங்கியது. கறி சுற்றும் தாளில் கறுப்பு மையால் அவளே எழுதி அதில் ஒட்டியிருந்தாள்: 'வண்டியில் இருக்கும் எல்லாத் துப்பாக்கியையும் என் முன்னால் திறந்து காட்டு. இல்லாவிட்டால் மானை வேறெங்காவது கொண்டு போ.' வகுப்பைப் பிடுங்கலாம், கத்தியைப் பிடுங்க முடியாதல்லவா. சுற்று வட்டாரத்தில் அவளைப் போல வெட்டுபவர் யாருமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

முணுமுணுத்துக்கொண்டே திறந்தார்கள். "காலிதான் ஆர்டிஸ், சத்தியமா" என்பார்கள். அவள் விரலை விட்டுத் தடவுவாள். முதல் ஆறு நாளில் ஐம்பத்தெட்டு வண்டிகள். அவற்றில் ஐந்து துப்பாக்கிகளின் மேகசினில் தோட்டா இருந்தது. ஐந்து பேருமே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போது மனப்பாடம்: முதலில் மூக்கால் ஒரு ஊதல், அப்புறம் தோளைக் குலுக்கல், அப்புறம் 'அட' என்று ஒரு வார்த்தை. வண்டி ஓட்டும்போது அந்தத் துப்பாக்கி அவர்கள் பிள்ளைகளின் முழங்கால்களுக்கு நடுவில் நின்றிருக்கும்.

ராலி முதல் நாளே கொம்பில் எட்டுக் கிளையுள்ள ஆண்மான் ஒன்றோடு வந்தான். பலகையைப் படித்தான்.

"எனக்குமா?"

"உனக்குத்தான் எழுதுனது. மத்தவங்க சும்மா கூட வராங்க."

"என் அண்ணன் பொண்டாட்டி எனக்கே சோதனை போடறா! என் வண்டி, என் துப்பாக்கி."

"என் கராஜ். என் கத்தி."

அவன் திறக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். வேறு ஆள் கிடைக்காமல் அந்த மான், அந்த நவம்பரில் வழக்கத்துக்கு மாறாக அடித்த வெயிலில் இரண்டு நாள் தொங்கிக் கெட்டது என்று பிறகு தெரிந்தது. நூற்றெழுபது பவுண்டு இருக்கும். திறந்து காட்டும் நாலு நொடிக்குப் பதிலாக அதை ஈக்குக் கொடுத்தான்.

நவம்பர் 25, நன்றித் திருநாளுக்கு மறுநாள், காலை ஒன்பதேகாலுக்கு டெரெக் தனியாக வந்தான். வண்டியின் பின்னால் ஒரு பெண்மான். கதவைத் திறந்ததுமே நாற்றம் வந்தது. வயிற்றில் பட்டிருந்தது. அவன் வண்டிக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்தான். முனை தரையைப் பார்த்தது. போல்ட் திறந்திருந்தது. மேகசின் அவன் சட்டைப் பையில் இருந்தது.

"தடவிப் பாருங்க, மிஸஸ் ஹோலுப்."

"நீ தடவு. நான் பாக்குறேன்."

சுண்டுவிரலை விட்டுத் தடவினான்.

"குடில்ல தாழ்வாரத்துல அஞ்சு துப்பாக்கி நிக்குது" என்றான். "நேத்து சாப்பிட்டதுக்கு அப்புறம் போய்ப் பாத்தேன். நாலுல தோட்டா. எல்லாத்தையும் எடுத்து டப்பாவுல போட்டு வச்சேன். காலையில பாத்தா மாமா மறுபடியும் போட்டு வச்சிருக்காரு. கேட்டா, 'ஆர்டிஸ் ஸ்கூல்ல படிச்ச பொம்பளப் பிள்ளை வந்திருக்குடா'ன்னு எல்லார் முன்னாடியும் சிரிக்கிறாரு. என் மச்சினன் பையன் பெஞ்சுல உக்காந்து பூட்ஸ் போட்டுக்கிட்டிருக்கான்."

"நீ என்ன செஞ்ச?"

"அந்தப் பையனத் தூக்கி உள்ள உக்கார வச்சேன். என் சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். இனி அங்க போறதா இல்ல. மாமா பேச மாட்டாரு. என் பொண்டாட்டியும் ரெண்டு மாசம் பேச மாட்டா." மூக்கை உறிஞ்சினான். "அந்த அட்டை குடுத்த ஊர்ல துப்பாக்கியத் திறந்து காட்டக்கூடச் சொல்லல. நீங்க என்னை மறுபடி டெஸ்ட் பண்ணுவீங்களா?"

ஆர்டிஸ் அவனையும் அந்த மானையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கட்டடம் இல்ல. கோடு இல்ல."

அவன் கராஜ் தரையைப் பார்த்தான். கான்கிரீட்டில் ரத்தம் ஓடி உறைந்து வடிகால் பக்கம் ஒரு கோடு போலப் போயிருந்தது. அவள் அதைக் கவனித்தாள்.

"சரி, அதுதான் கோடு. அந்தப் பக்கம் போய் நில்லு."

இருபது நிமிஷம் எடுத்தாள். வேட்டைப் பரணில் ஏறுவது, இறங்குவது, வேலி தாண்டுவது, துப்பாக்கியை இன்னொருவர் கையில் கொடுப்பது, வாங்குவது. நான் வேலிக்குப் பதிலாக ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு முறை நான், "காலிதான், நான் இப்பத்தான பாத்தேன்" என்று சொல்லித் துப்பாக்கியை நீட்டிப் பார்த்தேன். அவன் என்னை நம்பவில்லை. திறந்தான், பார்த்தான், தடவினான். ஆர்டிஸ் தலையாட்டினாள்.

"துப்பாக்கி பாஸ். இப்ப சொல்லு, வயித்துல சுட யாரு சொல்லிக்குடுத்தது?"

"மாமா. நேத்து ஓடும்போதே விடுன்னாரு."

"தெரியுமே." ஒரு ஜோடி ரப்பர் கையுறையை அவன் மேல் எறிந்தாள். "நீயே திற. நீயே அள்ளு. அப்பத்தான் மறக்காது."

அவன் அள்ளினான். இரண்டு முறை வெளியே ஓடி வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி அள்ளினான். மத்தியானம் வரை அவள் பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் கெட்டிருக்கிறது, எந்த இடத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். நாற்பத்தொரு பவுண்டு கறி தேறியது.

அந்தப் பலகையை அவள் 2021 பிப்ரவரியில் சாகும் வரை ஒவ்வொரு நவம்பரிலும் மாட்டினாள். அதே ஆகஸ்டில் சங்கம் தகட்டைப் பதித்தது. திறந்து வைத்துப் பேசியவன் ராலி. "தன் இஷ்டப்படி ஓய்வு எடுத்துக்கிட்டா, நம்ம ஆர்டிஸ்" என்றான். கைதட்டினார்கள். டெரெக் பின்வரிசையில் நின்றிருந்தான், கையைத் தட்டவில்லை. ராலியின் தாழ்வாரத்தில் துப்பாக்கிகள் இன்னும் அப்படியேதான் நிற்கின்றன. இதுவரை யாரும் சாகவில்லை, அதைத்தான் அவர்கள் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

பதிவேட்டில் 2016 செப்டம்பர் 10ஆம் தேதிக்கு நேரே டெரெக் ஷால்க், தோல்வி என்று இருக்கிறது. அதை அடிக்கவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில், நவம்பர் 25, காலை 9.50, ஆர்டிஸ் ஹோலுப்பின் கராஜ், டெரெக் ஷால்க், தேர்ச்சி என்று எழுதியிருக்கிறது. கீழே அவள் கையெழுத்து. தாளின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை. கையுறையைக் கழற்றாமல் போட்டாள்.